மூன்றாம் நாள் உண்ணாவிரதம்

“அந்தப் பெரியவர் சாப்பிடறாரா இல்லையான்னு எனக்குத் தெரியணும், ஆண்டனி. கண்ணால பார்த்துட்டு வந்து எங்கிட்ட மட்டும் சொல்லு” என்றார் சப்-இன்ஸ்பெக்டர் வெங்கடகிருஷ்ணன்.

கான்ஸ்டபிள் ஆண்டனிக்குப் புரிந்துவிட்டது. கையும் களவுமாகப் பிடித்தால் கதை இன்றைக்கே முடிந்துவிடும். மூன்று நாளாக பெங்களூர் வெயிலில் நின்று அவருக்குக் கால் வீங்கியிருந்தது.

கூட்டுறவுத் துறையின் பெரிய ஆபீஸ் வாசலில் பந்தல். பேனரில் கொட்டை எழுத்தில், ‘விவசாயிகள் தலைவர் முனிராஜ் சாகும்வரை உண்ணாவிரதம்’. ஆதரவுக்கு நாலு பேர் அவரோடு சேர்ந்து பட்டினி கிடந்தார்கள்.

ஆனேக்கல் பக்கம் பதினெட்டு கிராமத்துக்காரர்கள் பால் ஊற்றுகிற கூட்டுறவுச் சங்கம். இருபது வருஷத்துக்கு முன் வீடு வீடாக ஏறி இறங்கி அதை ஆரம்பித்தவர் முனிராஜ். இப்போது மூன்று வருஷமாகத் தேர்தல் இல்லை. பொறுப்பில் உட்கார வைத்த அதிகாரி சாயங்காலப் பாலை வாங்குவதையே நிறுத்திவிட்டார். கேன் கேனாகப் பால் சாக்கடையில் போனதைப் பார்த்த அன்று முனிராஜ் சோற்றை விட்டார்.

விட்டவர் மாதிரித் தெரியவில்லை என்பதுதான் ஆண்டனியின் சந்தேகம். அறுபத்திரண்டு வயசு. மூன்றாம் நாளும் மைக் இல்லாமலே குரல் பஸ் ஸ்டாப் வரைக்கும் கேட்டது.

தினமும் பதினொரு மணிக்கு ஒரு துணிப்பையை எடுத்துக்கொண்டு, பந்தலுக்குப் பக்கத்தில் நிற்கும் சங்கத்துப் பால் வேனுக்குப் பின்னால் போவார். ‘தனியா ஆலோசனை’ என்று ஒவ்வொருவராகக் கூப்பிடுவார். எல்லாம் முடிந்ததும் குழாயடியில் கை கழுவுவார்.

சாப்பிடாத மனுஷனுக்கு எதுக்குக் கை கழுவல்?

அன்றைக்கு ஆண்டனி பத்தே முக்காலுக்கே வேனுக்குள் ஏறி, காலி கேன்களுக்கு நடுவே குந்திக்கொண்டார். புளித்த பால் வாடைக்கு மூக்கைப் பொத்திக்கொண்டார்.

முனிராஜ் வந்தார். பின்னாலேயே அந்த நாலு பேரில் ஒருவரான அய்யாவு. பொட்டலம் பிரிக்கிற சத்தம். சட்னி வாசனை.

ஆண்டனி எழுந்திருக்கப் போனார்.

“சாப்பிடு, அய்யாவு.”

“வேணாண்ணா. அவங்கல்லாம் பட்டினி கெடக்கறப்போ நான் மட்டும் எப்படி?”

“உனக்குச் சக்கரை. வெறும் வயித்துல மாத்திரையைப் போட்டு மயங்கி விழுந்தேன்னா பந்தலையே பிரிச்சிடுவாங்க. ரெண்டே ரெண்டு இட்லி. மத்தவங்களுக்கு மட்டும் தெரியக்கூடாது. மனசு விட்டுடுவாங்க.”

அய்யாவு கண்ணைத் துடைத்துக்கொண்டே சாப்பிட்டுப் போனார். அடுத்து முத்தம்மா வந்தாள்.

“அய்யாவு அண்ணன் சக்கரையை வெச்சுக்கிட்டுப் பட்டினி கெடக்கறாரு. நான் தின்னா பாவம்ண்ணா.”

“அவனுக்கு நெஞ்சுறுதி ஜாஸ்தி, தாங்குவான். உனக்கு ரத்தம் கம்மி. சாப்பிடும்மா. அவன்கிட்ட மட்டும் சொல்லிடாத.”

மூன்றாவது ஆளுக்கு அல்சர். நாலாவது ஆள் கல்லுக்குண்டு மாதிரி இருந்தார். ஒரு சீக்கும் கிடையாது. முனிராஜ் கொஞ்சம் யோசித்துவிட்டு, “உன் பொண்டாட்டிகிட்ட வாக்குக் குடுத்திருக்கேன்” என்றார்.

“எப்போண்ணா?”

“சாப்பிடுடா.”

அந்த ஆள் போனதும், முனிராஜ் இலையெல்லாம் சுருட்டிப் பைக்குள் திணித்தார். ஆண்டனியின் முழங்கை பட்டு ஒரு கேன் மூடி உருண்டு கீழே விழுந்தது.

“எறங்கி வாங்க தம்பி. உள்ள நாத்தமா இருக்குமே” என்றார் முனிராஜ்.

ஆண்டனி இறங்கினார். “நாலு பேரும் சாப்பிடறாங்க.”

“ஆமா. ஒவ்வொருத்தரும் தான் மட்டுந்தான் சாப்பிடறதா நெனச்சுக்கிட்டிருக்காங்க. அந்த வெக்கத்துலதான் ஒருத்தரும் எழுந்து ஓடாம உக்காந்திருக்காங்க.”

“நீங்க?”

முனிராஜ் பந்தல் பக்கம் கையைக் காட்டினார். “பேனர்ல என் பேரைப் போட்டுட்டாங்களே தம்பி.”

“இட்லி யாரு குடுக்கறது?”

“யாரோ புண்ணியவான். தினம் காலைல ஓட்டல்காரர் ஒருத்தர் எட்டு இட்லி கொண்டாந்து, ‘தலைவருக்கு’ன்னு வெச்சுட்டு நிக்காமப் போயிடறாரு. தலைக்கு ரெண்டு, சரியா இருக்கு.”

சட்னி கையைக் கழுவக் குழாயடிக்கு நடந்தவர், பாதியில் நின்று வேன் கதவைப் பிடித்துக்கொண்டார். ஆண்டனி தோள் கொடுத்தார்.

நாலு மணிக்கு ஆபீஸிலிருந்து கடிதம் வந்தது. அடுத்த மாதம் தேர்தல். அதுவரைக்கும் சாயங்காலப் பாலும் வாங்கப்படும்.

எலுமிச்சம்பழ ஜூஸ் கொடுத்தார்கள். அய்யாவுக்கு டம்ளரைப் பிடிக்க முடியாமல் கை நடுங்கிற்று. முத்தம்மா கம்பத்தில் சாய்ந்து கண்ணை மூடிக்கொண்டாள். கல்லுக்குண்டு ஆள் படுத்தே விட்டார். முனிராஜ் மட்டும் ஒரே மூச்சில் குடித்துவிட்டு, “இன்னொண்ணு இருக்கா?” என்றார்.

ஆண்டனி ஜீப்புக்குப் பக்கத்தில் போய் சல்யூட் அடித்தார். திட்டு விழும் என்று தெரிந்தே சொன்னார்: “பார்த்துட்டேன் சார். அவரு பச்சைத் தண்ணியைத் தவிர ஒண்ணும் தொடல.”

வெங்கடகிருஷ்ணன் தொப்பியைக் கழற்றினார். 

“எங்க அம்மா கறக்கற பாலும் அந்தச் சங்கத்துக்குத்தான்யா போகுது” என்றார் மெதுவாக. “அப்போ மூணு நாளா நான் அவருக்குன்னு சொல்லி அனுப்பின எட்டு இட்லியை எவன்யா தின்னது?”