மூன்று வெட்டு

"நிம்மதியா சீரியல் பாக்க ஏலல தம்பி. மூணு தடவை படம் வெட்டுது, பொறவு சரியாயிருது. செத்த நேரத்துல திரும்பவும் வெட்டுது" என்றாள் சத்யப்பிரியா.

ராஜபாளையத்திலிருந்து மம்சாபுரம் வந்திருந்த மெக்கானிக் தேவநேசன், டிவியோடு இணைத்திருந்த கம்ப்யூட்டரைப் பார்த்தான்.

"லினக்ஸ் போட்டிருக்கு. கிராபிக்ஸ் டிரைவர் பழசானா இப்படித்தான் வரும்க்கா. யாரு போட்டது?"

"எங்க வீட்டுக்காரரு. துபாய்க்குக் கெளம்புறப்போ ஏதோ செஞ்சு வச்சுட்டுப் போனாரு."

கேபிளை மாற்றினான். டிரைவரையும் புதிதாகப் போட்டான். படம் பளிச்சென்று வந்தது. பையை எடுத்துத் தோளில் மாட்டும்போது டிவி மறுபடியும் வெட்டியது. சரியாக மூன்று முறை.

கெட்டுப்போன டிரைவர் எண்ணியா வெட்டும்? கம்ப்யூட்டரிலிருந்து கிளம்பிய மெல்லிய வயர் ஒன்றைப் பிடித்துக்கொண்டே அடுத்த அறைக்குள் போனான்.

கட்டிலில், வாய் ஒரு பக்கம் கோணிப்போன பெரியவர் கிடந்தார். பேச்சு வரவில்லை. வயரின் முனையிலிருந்த பட்டன் அவர் விரலுக்கடியில் இருந்தது. காய்ந்த உதட்டோடு, காலி டம்ளரைப் பார்த்தபடியே அவர் அதை அமுக்கினார். கதவு வழியே தெரிந்த ஹால் டிவி மூன்று முறை வெட்டியது.

தேவநேசன் வேகமாகத் திரும்பி வந்தான்.

"அக்கா, டிவியில ஒரு கோளாறும் இல்ல. உங்க மாமனாரு பட்டனை அமுக்குனா டிவி வெட்டுற மாதிரி உங்க வீட்டுக்காரரு செஞ்சு வச்சிருக்காவ. அவிய தண்ணிக்குக் கூப்பிடுதாவ."

"தெரியும் தம்பி" என்றாள் அவள், சீரியலிலிருந்து கண்ணை எடுக்காமல். "வெட்டுறத மட்டும் நிப்பாட்டிருங்க. பட்டன் அவிய கையிலயே இருக்கட்டும். எங்க வீட்டுக்காரரு வீடியோ கால்ல அதைத்தான் பாப்பாரு."