மூன்று விரல்

"துணிய அவுத்துடு பாவா. நாக்க நீட்டு."

அலகு குத்தும் சந்திரமோகன் விபூதித் தட்டோடு காத்திருந்தான். விரலிடுக்கில் சின்ன வெள்ளி வேல். மணவாளன் அவனுக்கு அக்கா புருஷன் முறை.

மணவாளனின் கை வாயைக் கட்டியிருந்த மஞ்சள் துணியின் முடிச்சுக்குப் போய், அங்கேயே நின்றது.

சரவணப் பொய்கைக் கரை முழுக்க ஆடிக் கிருத்திகைக் கூட்டம். பம்பை காதைப் பிளந்தது. பின்னால் வரிசையில் நின்றவர்கள் பூக்காவடியை இந்தத் தோளிலிருந்து அந்தத் தோளுக்கு மாற்றிக்கொண்டார்கள்.

ஒவ்வொரு ஆடிக்கும் நாக்கில் வேல் குத்திக்கொண்டு மலையேறுகிறவன் மணவாளன். இந்த ஆடியில் நாக்கு பல்லைத் தாண்டாது.

தறி ஓட்டும்போது தூக்கம் வராமலிருக்கக் கன்னத்தில் அடக்கிய புகையிலை. விசைத்தறி இரைச்சலில் யாரும் யாரோடும் பேசுவதில்லை. அதனால் அவன் வாய் கொஞ்சம் கொஞ்சமாக மூடிக்கொண்டு வந்தது யாருக்கும் தெரியவில்லை.

ஆனி மாதம் சுகாதாரப் பணியாளர் பிரேமா தெருவுக்கு வந்தாள். "நம்ம பக்கம் ஆம்பளைங்களுக்கு வாயில வர்ற புத்துநோய்தான் ஜாஸ்தி. பொம்பளைங்களுக்கு மார்புல, கர்ப்பப்பை வாயில" என்றாள். மூன்று விரலைச் சேர்த்து நிறுத்தி வாய்க்குள் விட்டுப் பார்க்கச் சொன்னாள். போகவில்லை என்றால் உடனே ஆஸ்பத்திரிக்கு வரவேண்டுமாம்.

"சோறு போவவே எடம் பத்தல, இதுல விரலு வேறயா?" என்றான் மணவாளன். தெருவே சிரித்தது.

அன்று கதவைச் சாத்திக்கொண்டு விட்டுப் பார்த்தான். ஒரு விரல்தான் போனது. உள் கன்னத்தில் ஆறாத புண் ஒன்று தட்டுப்பட்டது.

ஆவணியில் மகள் மோனிஷாவுக்குக் கல்யாணம். அது முடியட்டும் என்று வாயை மூடிக்கொண்டான்.

விரதம் நல்ல சாக்காக வாய்த்தது. மௌனம், கஞ்சி, வாய்க்கட்டு. என்ன பக்தி என்று கே.ஜி.கண்டிகை ஊரே கும்பிட்டது. மலையடிவாரத்து மண்ணை மிதித்தால் முருகன் வாயைத் திறந்துவிடுவான் என்று கடைசிவரை நம்பினான்.

"இன்னா பாவா, புதுசா வெக்கம்? பின்னாடி எம்மா பேரு நின்னுகினு இருக்காங்க பாரு."

அவன் முடிச்சை இன்னும் இறுக்கிப் பிடித்தான்.

மனைவி பத்மா அவனை மெல்ல ஒதுக்கினாள். பலகையில் போய் உட்கார்ந்தாள்.

"எனக்குக் குத்து தம்பி."

"உனக்கா? வருசா வருசம் நீ சொம்பு தூக்கிகினு வர்ற ஆளாச்சே அக்கா. பாவாவும் நீயும் மாத்திகினீங்களா?"

"ஆங். மாத்திகினோம்."

அவளும் மஞ்சள் புடவைதான் கட்டியிருந்தாள். அவளும் கஞ்சிதான் குடித்தாள். துணைக்கு இருக்கிறாள் என்றுதான் அவன் நினைத்திருந்தான்.

சந்திரமோகன் விபூதியைப் பூசினான். "அரோகரா!" என்று கூட்டம் முழங்கியது. வேல் நாக்கில் ஏறி நின்றது. பத்மாவின் கண்ணோரம் மட்டும் நனைந்தது.

எழுந்தவள் அவன் மணிக்கட்டைப் பிடித்தாள். கூட்டம் படிகளின் பக்கம் தள்ளியது. அவள் இடப்பக்கம் திரும்பினாள்.

அங்கே தார்ப்பாய்ப் பந்தலில் மருத்துவ முகாம். வாய், மார்பகம், கர்ப்பப்பை வாய் புற்றுநோய்க்கு இலவசப் பரிசோதனை என்று எழுதியிருந்த பலகைக்கு எதிரே முக்காலிகள் காலியாகக் கிடந்தன.

நர்ஸ் பத்மாவைப் பார்த்ததும் பஞ்சை எடுத்தாள். "ரத்தம் நிக்கலியாக்கா?"

பத்மா தலையசைத்து மறுத்தாள். அவனைத் தோளில் அழுத்தி முக்காலியில் உட்காரவைத்தாள்.

"ஐயாவுக்கு என்னங்க?"

வழக்கமாக பத்மாதான் பதில் சொல்வாள். 'அவரு மௌன விரதம். பேச மாட்டாரு.'

முதலில் அதைச் சொன்னது யார்?

பிரேமா வந்துபோன மறுநாள். தெருக்குழாயில் பக்கத்து வீட்டுக்காரர் ஏதோ கேட்டார். இவனுக்கு வார்த்தை குழறியது. வீட்டுக்குள்ளிருந்து பத்மாவின் குரல் முந்திக்கொண்டு வந்தது. 'மௌன விரதங்க.' தப்பித்தோம் என்று இருந்தது அவனுக்கு. விரத மாலை போட்டதே அதற்குப் பிறகுதான்.

கஞ்சி? அதுவும் மாலை போடும் முன்பே வந்துவிட்டது. மிளகாய் கிள்ளாமல், பருக்கை இல்லாமல் துணியில் வடிகட்டி.

மணவாளன் நிமிர்ந்து பார்த்தான். பத்மா அவனையே பார்த்துக்கொண்டு நின்றாள். நாக்கில் வேல். மலை உச்சியில் சந்நிதிக்கு முன்னால்தான் அதை எடுப்பார்கள். அதுவரை அவளால் ஒரு சொல் பேச முடியாது.

"என்ன செய்யுதுங்க ஐயா? சொன்னாத்தானே தெரியும்?"

அவன் துணியின் முடிச்சை அவிழ்த்தான்.

"மூணு விரலு போவலம்மா" என்றான். "ஒண்ணுதான் போவுது."