தபால்தலை அளவுத் திரை

பாட்டு கேட்கும் குட்டி ப்ளேயரில் என் கணவர் வேறொரு மென்பொருளை ஏற்றிக்கொண்டிருந்தார்.

"இனி இதுல வீடியோவும் ஓடும்."

"தபால்தலை சைஸ் திரையில என்னத்தப் பார்க்கப் போறீங்க?"

"போன்ல வெச்சா நீ அழிச்சிடுறியே! இதுல அழிக்க உனக்குத் தெரியாது."

அன்று மாலையே மாரடைப்பு வந்து, என்னைப் பதில் பேசவிடாமல் போய்விட்டார்.

வந்தவர்களெல்லாம் கிளம்பியபின் ப்ளேயரைத் தட்டினேன். ஒரே ஒரு வீடியோ. சோபாவில் வாயைப் பிளந்து நான் தூங்குகிறேன். லாரி மேடேறுவதுபோல் ஒரு சத்தம். நடுவே அவருடைய கிசுகிசுப்பு: "மகாராணி, இப்பவாவது ஒத்துக்கோ!"

எட்டிப் பார்த்த மகள், "அசிங்கமா இருக்கும்மா, அழிச்சிடவா?" என்றாள்.

"தொட்டே, கையை முறிச்சிடுவேன்."

தினமும் அவர் குரலைக் கேட்கிறேன். மற்றபடி, நான் குறட்டை விடுவதில்லை. அன்றும் சரி, இன்றும் சரி.