மாமியாரின் கைவரிசை

“மறுபடியும் வெட்டியிருக்கு தம்பி,” என்றார் மெக்கானிக்.

கிடார்காரர் எட்டிப் பார்த்தார். காலால் மிதித்தால் கிடார் சத்தத்தைக் கரகரப்பாக்கும் பழைய காலத்துப் பெட்டி அது. போன தடவை மெக்கானிக் அதற்குள் வைத்த சின்னக் கண்டன்சர் ஒரு கால் அறுந்து தொங்கியது.

“தானா அறுந்திருக்குமோ அண்ணே?”

“தானா அறுந்தா பிசிறு இருக்கும். இது நகவெட்டியால வெட்டின மாதிரி சுத்தமா இருக்கு. வீட்ல யாரோ வேலை காட்டறாங்க.”

“வேற யாரு, என் மாமியார்தான். அவங்க பொண்ணைச் சொல்லாம கொள்ளாமக் கட்டிக்கிட்டேன்னு இன்னும் ஆறலை. இப்ப எங்ககூடத்தான் இருக்காங்க. ஆனா என்கிட்ட பேசணும்னா சுவரைப் பார்த்துத்தான் பேசுவாங்க. சுவரும் பாவம், எவ்வளவுதான் கேட்கும்?”

அந்தக் கண்டன்சர் இல்லாவிட்டால் பெட்டி ஊரிலுள்ள ரேடியோவை எல்லாம் பிடித்துக்கொள்ளும். சில பழைய பெட்டிகளுக்கு அப்படி ஒரு வியாதி.

“போன கச்சேரில சோகப் பாட்டு. ஜனங்க கண்ணைத் துடைச்சுக்கிட்டு இருக்காங்க. நான் பெட்டியை மிதிக்கிறேன். ‘மீனவர்கள் கடலுக்குச் செல்ல வேண்டாம்’னு கேட்குது.”

மெக்கானிக் சிரிப்பை இருமலாக மாற்றிக்கொண்டார்.

“நல்லா சிரிங்க. சனிக்கிழமையும் இப்படி ஆனா வேற ஆளைப் பார்த்துக்கறோம்னு குழுவில சொல்லிட்டாங்க.”

மெக்கானிக்குக் கோபம் வந்தது. ஒரு மனுஷன் பிழைப்பில் இப்படியா விளையாடுவது? புதுக் கண்டன்சரைப் பலகையோடு ஒட்ட வைத்து, எந்தக் கத்தியும் நுழையாதபடி சால்டர் பண்ணினார். அவர் கடைக்குள் ரேடியோ அலை எட்டாது, அங்கே சோதிக்க முடியாது. “உங்க வீட்டுக்கே வந்து சோதிச்சுத் தர்றேன்” என்று கூடவே கிளம்பினார். சோதனை ஒரு சாக்கு. அந்த அம்மாவிடம் நாலு வார்த்தை கேட்டாக வேண்டும்.

வீட்டுக்கு வந்ததும் கிடார்காரர் ஒயரைத் தேடி உள்ளே போனார். கூடத்தில், சத்தமில்லாத ஸ்பீக்கருக்குப் பக்கத்தில் நாற்காலியை இழுத்துப் போட்டு மாமியார் உட்கார்ந்திருந்தார்.

“அம்மா, இனிமே நகவெட்டி எல்லாம் உள்ள நுழையாது,” என்றார் மெக்கானிக்.

“என் நகத்தைப் பத்தி உனக்கு என்னப்பா கவலை?”

“பெட்டியைச் சொல்றேன். சரி பண்ணிட்டேன். இனி ரேடியோ வராது.”

அந்த அம்மாவின் முகம் வாடிப்போனது.

“உன்னை யாருப்பா சரி பண்ணச் சொன்னா? பொண்ணும் வேலைக்குப் போயிடறா. அவ வர்ற வரைக்கும் இந்த வீட்ல பேசறது அது ஒண்ணுதான்.”

“அதுக்கு ஒரு ரேடியோ வாங்கி வெச்சுக்கலாமே?”

“வாங்கிக் குடுத்தான். பிரிக்காமத் திருப்பிக் குடுத்தேன். அவன் கையால ஒரு துரும்பும் வாங்க மாட்டேன்னு நாலு பேர் முன்னால சொன்னவ நான். இந்தப் பெட்டி அப்படி இல்ல. அவன் ஒரு மறதிக்காரன், தினமும் அணைக்காமப் போயிடுவான். அது பாட்டுக்குப் பாடும், செய்தி சொல்லும். காதுல விழுது. நான் என்ன பண்றது?”

“அதுக்காகப் பெட்டியைத் திறந்து வெட்டலாமா?”

“எதை வெட்டினேன்? ஊசியில நூல் கோக்கவே எனக்குப் பக்கத்து வீட்டுப் பொண்ணு வரணும். நான் பெட்டியைத் திறந்தேனா?”

மெக்கானிக் திரும்பினார். ஒயரும் கையுமாக நின்றிருந்த கிடார்காரர், கண்ணாலேயே அவரைச் சமையலறைக்குக் கூப்பிட்டார்.

“ஏன் தம்பி, பெரியவங்க மேல பழியைப் போட்டீங்களே?”

“மாமியார்னு சொன்னா யாரும் மேற்கொண்டு கேட்க மாட்டாங்க அண்ணே. போன கச்சேரிக்கு மட்டும் திடீர்னு கூப்பிட்டாங்க, உங்ககிட்ட வர நேரமில்ல, மாட்டிக்கிட்டேன்.” கூடத்துப் பக்கம் ஒரு தடவை பார்த்துவிட்டுக் குரலைத் தாழ்த்தினார். “கண்டன்சரை இப்படி ஒட்ட வெச்சுட்டீங்களே, கொஞ்சம் தூக்கி வையுங்க. சனிக்கிழமை கச்சேரி முடிஞ்சதும் நான் வெட்டணும்.”