திரும்பி வரும்போது மட்டும்

"அண்ணன், மூணாம் தரமும் இதே கதைதான். கையை வச்சுப் பாருங்க!"

முனாஸ் மோட்டர் சைக்கிளைக் கராஜ் வாசலில் நிறுத்திவிட்டுப் பின்சில்லைக் காட்டினான். கருகின மணம் வந்தது.

ஆனந்தராசா விரலைத் தண்ணீரில் நனைத்து, பின் பிரேக் டிரம்மில் ஒரு சொட்டு விட்டார். சுர்ரென்றது.

"நட்டை இளக்கிவிட்டனான். புதுப் பிரேக் சூ போட்டனான். ஸ்பிரிங்கும் புதுசு. இதுக்கு மேல சூடாக வழியில்லை, தம்பி."

"அப்ப சூடு வானத்தால இறங்குதா?"

பக்கத்துத் தேநீர்க்கடைக்காரர் கலீலுர் றஹ்மான் எட்டிப் பார்த்தார். "முட்டை பொரிக்கிறதெண்டா என்ட கடையில சட்டி இருக்கு, ஆனந்தராசா. மனிசன்ட சைக்கிளை விடுங்க."

கடையில் இருந்த நாலு பேரும் சிரித்தார்கள்.

ஆனந்தராசாவின் முகம் சுருங்கியது. சீனன்குடா ரோட்டில் சொந்தமாகக் கராஜ் திறந்து நாலு மாதம்தான். வருகிறவர்கள் முக்கால்வாசிப் பேர் கிண்ணியா ஆட்கள். முனாஸ் வேலை செய்வது படகுகள் வந்து கட்டும் ஜெட்டியில். அங்கே அவன் ஒரு கதை கதைத்தால் போதும், பிறகு ஒருத்தரும் இந்த வாசலில் நிற்கமாட்டார்கள்.

"காலைப் பிரேக்கில வச்சுக்கொண்டு ஓடுறீங்களோ?"

"பதினைஞ்சு வருசமா ஓடுறன். எனக்கே பழக்குறீங்களா?"

டிரம் ஆறியதும் ஆனந்தராசா பின்னால் ஏறி உட்கார்ந்து, முனாஸை ஓடச் சொன்னார். போகும்போதும் வரும்போதும் அவன் வலது காலையே பார்த்துக்கொண்டிருந்தார். கால் பிரேக்கில் படவே இல்லை. திரும்பி வந்து தொட்டுப் பார்த்தார். டிரம் குளிர்ந்திருந்தது.

முனாஸோடு வந்திறங்கிய அவன் மனைவி நிப்லா கராஜ் கதிரையில் சாய்ந்திருந்தாள். ஆஸ்பத்திரியில் இரவு வேலை முடித்து வருகிற தாதி. கண்கள் பாதி மூடியிருந்தன.

"பின்னேரம் இவவைக் கொண்டுபோய் விடேக்க சூடாகுதோ?" என்று கேட்டார் ஆனந்தராசா.

"இல்ல."

"காலையில கூட்டிக்கொண்டு வரேக்க?"

"ஓம். அப்ப மட்டும்தான்."

அதே ரோட்டு. அதே இரண்டு பேர். ஆனந்தராசாவுக்குப் பிடிபடவில்லை.

"நாளைக்கும் வாங்கோ. நான் கண்டுபிடிக்கிறன்."

"நாளைக்கும் இப்பிடியெண்டா, ஜெட்டியில எல்லாருக்கும் சொல்லுவன் அண்ணன். கோவிக்கப்படாது."

அடுத்த நாள் விடிந்ததும் ஆனந்தராசா தன் மோட்டர் சைக்கிளை எடுத்துக்கொண்டு ஆஸ்பத்திரிப் பக்கம் போனார். தூரத்தில் நின்றார். அவர்கள் புறப்பட்டதும் பின்னால் போனார்.

உள்துறைமுகத்தைப் பனிப்புகார் மூடியிருந்தது. கப்பல்கள் தண்ணீரை விட்டுக் கொஞ்சம் மேலே நிற்கிற மாதிரி இருந்தது. அந்த வெள்ளைக்குள் முனாஸின் மோட்டர் சைக்கிள் சத்தமில்லாமல் மிதந்து போனது.

நிப்லாவின் தலை அவன் முதுகில் கிடந்தது. அவளுடைய இரண்டு கைகளையும் தன் வயிற்றோடு சேர்த்து, இடக்கையால் பிடித்திருந்தான். கியர் மாற்றவில்லை. மாற்றினால் உதறும், அவள் விழித்துவிடுவாள். குழிகளைச் சுற்றிச் சுற்றி, தொட்டிலைத் தள்ளிக்கொண்டு போகிறவனைப் போலப் போனான். வேகத்தை அடக்கியதெல்லாம் வலது கால்தான்.

பின்பக்கச் சிவப்புப் பிரேக் லைட் சீனன்குடா வரைக்கும் ஒரு தரமும் அணையவில்லை.

கராஜுக்கு வந்ததும் முனாஸ் தேநீர் வாங்கப் போனான். ஆனந்தராசா குரலைத் தாழ்த்தினார்.

"தங்கச்சி, பிழை பிரேக்கில இல்லை. நீங்கள் நித்திரை கொள்ளுறபடியாத்தான் அவர் காலை எடுக்காமல் வாறார். அவருக்கே அது தெரியாது போல. நான் சொல்லிவிடுறன்."

நிப்லாவின் கண்கள் முழுதாகத் திறந்தன.

"வேணாம் அண்ணன். நான் நித்திரை கொள்றதே இல்ல."

"என்ன?"

"முந்தி இவர் இந்த ரோட்டில பறப்பார். அழுது சொன்னாலும் கேக்கமாட்டார். ஒரு நாள் வெள்ளைமணல் ஊருக்குள்ள பஸ்ஸை முந்தப்போய், லொறிக்கும் பஸ்ஸுக்கும் நடுவால பூந்தார். சாவுதான் எண்டு நான் கலிமா சொல்லிட்டன். அடுத்த நாள் களைப்பில மெய்யாவே கண் அசந்துட்டு. அண்டைக்குத்தான் மெதுவா ஓடினார். ஆறு மாசமா நான் முழிச்சிருந்துதான் நித்திரை கொள்றன்."

ஆனந்தராசா தேநீர்க்கடைப் பக்கம் திரும்பிப் பார்த்தார்.

"என்ட நித்திரையாலதான் பழுதெண்டு சொன்னா, நாளைக்கே என்னை பஸ்ஸில ஏத்திவிட்டுட்டு, தனியப் பறப்பார். சொல்லிராதீங்க அண்ணன்."

முனாஸ் தேநீரோடு வந்தான். பின்னால் றஹ்மானும் வேடிக்கை பார்க்க நாலு பேரும்.

"கண்டுபிடிச்சீங்களா?"

ஆனந்தராசா நிப்லாவைத் திரும்பிப் பார்த்தார். அவள் மறுபடியும் கண்ணை மூடியிருந்தாள்.

"ஓம் தம்பி. வேற சூ போட்டுத் தாறன். ஆனால் அது படிய வேணும். மூன்றாம் கியருக்கு மேல போடக்கூடாது. சும்மா பிரேக்கில கால் வைக்கக்கூடாது. முப்பதுக்கு மேல ஓடவே கூடாது. மீறினால் சில்லு இறுகி நிண்டிடும். பின்னால இருக்கிறவதான் தூக்கி எறிபடுவா."

முனாஸ் மனைவியைப் பார்த்தான். "எத்தனை நாளைக்கு?"

"நான் சொல்லும்வரைக்கும்."

றஹ்மான் விடவில்லை. "அப்ப, ஆனந்தராசா, இவ்வளவு நாளும் நீங்க செஞ்ச வேலை?"

"எல்லாம் பிழை, றஹ்மான் நானா," என்றார் ஆனந்தராசா, ரோட்டில் போகிறவர்களுக்கும் கேட்கும்படியாக. "எனக்குத்தான் சரியா வேலை தெரியேல்லை."