டாக்டர் கைவிரித்தார்

“டாக்டர் கையை விரிச்சுட்டாரு. ரெண்டாம் நம்பர் பொழுது சாயற வரைக்கும் தாங்காதாம்” என்றார் கட்டுப்பாட்டு அறைக்குப் பொறுப்பான மேடம்.

கேட்டதும் அவன் திரையைப் பார்த்தான். அந்த இரண்டாவதின் பக்கத்தில்தான் அவன் அக்கா வீட்டுக்காரர் நின்றுகொண்டிருந்தார்.

டாக்டர் என்பது ஆள் இல்லை. கட்டுப்பாட்டு அறையின் பெரிய திரைக்குள் குடியிருக்கும் மென்பொருள். ஊருக்கே மின்சாரம் கொடுக்கும் இரண்டு டிரான்ஸ்பார்மர்களின் சூட்டையும், உள்ளே எண்ணெயில் கிளம்பும் வாயுவையும் பார்த்து, எது எப்போது படுக்கும் என்று முன்கூட்டியே சொல்லிவிடும். முன்பெல்லாம் நல்லதோ கெட்டதோ, தவணை வந்தால் எல்லாவற்றையும் பிரித்து மேய்வார்கள். இப்போது டாக்டர் சொன்னால்தான் ஸ்பானரையே கையில் எடுப்பது.

அந்த டாக்டருக்குக் கண்ணும் காதுமான சென்சார்களை மாட்டியவன் அவன்தான். இந்த நாட்டுக்கு வந்து, மாமா சிபாரிசில் வேலைக்குச் சேர்ந்த பிறகு, அவனை நம்பித் தனியாகக் கொடுத்த முதல் வேலை. டிரான்ஸ்பார்மர்களுக்கும் பின்சுவருக்கும் நடுவில் பல்லி மாதிரி ஒட்டிக்கொண்டு, எதிர்ப்பக்கம் வாசலில் நின்று பார்த்து யாரோ வரைந்திருந்த படத்தைக் கையில் வைத்துக்கொண்டு, அதில் இருந்தபடியே இடதுகைப் பக்கம் ஒன்று, வலதுகைப் பக்கம் இரண்டு என்று ஒயர்களை முடுக்கினான். வெளியே வந்தபோது சட்டை முதுகெல்லாம் சுண்ணாம்பு. மேடமே தட்டிக்கொடுத்தார்.

அவசரமாகப் போனை எடுத்தான்.

“மாமா, எங்க நிக்கறீங்க?”

“உன் டாக்டரோட பேஷன்ட் பக்கத்துலதான். ஏன், பழம் வாங்கிட்டு வந்து பாக்கணுமா?”

“விளையாடாதீங்க மாமா. ரெண்டாம் நம்பர் சிவப்பு காட்டுது. வெடிச்சா ஆள் மிஞ்ச மாட்டான். ஒண்ணாம் நம்பர் பக்கம் போயிடுங்க, அதுதான் பச்சையா இருக்கு.”

“சரிடா, பயந்தாங்கொள்ளி. அங்கதான் நிழலும் இருக்கு.”

மாமா நகர்ந்துவிட்டதாகச் சொன்ன பிறகுதான் மேடம் இரண்டாவதை நிறுத்தினார். ஊர்ச் சுமை மொத்தமும் ஒன்றின் தலையில் இறங்கியது. விளக்கு ஒருமுறை கண் சிமிட்டி நின்றது.

“ரெண்டு நல்லா ஆறட்டும். அப்புறம் உங்க மாமாவ விட்டு எண்ணெய் எடுத்துப் பாக்கலாம்” என்றார் மேடம்.

அதற்குள் அக்காவின் போன்.

“சாப்பாட்ட மேசையிலயே வெச்சுட்டுப் போயிட்டாருடா உங்க மாமா. பசி வந்தா மனுசனுக்குக் கண்ணு தெரியாது. மெஷின்கிட்ட விட்டுடாத.”

“நான் பாத்துக்கிட்டேதான்க்கா இருக்கேன்.”

“நீ பாத்துக்குவன்னுதான் நான் நிம்மதியா இருக்கேன்.”

போனை வைத்துவிட்டுத் திரையைப் பார்த்தவன், நாற்காலியின் நுனிக்கு வந்துவிட்டான்.

“மேடம், ரெண்டை நிறுத்திட்டோம். ஆனா சூடு இன்னும் ஏறுதே?”

“அடுப்ப அணைச்ச உடனே பாத்திரம் ஆறிடுமா? உள்ள அவ்வளவு கொதிச்சிருக்கு.” மேடம் திரையின் பச்சைப் பக்கத்தைச் சுட்டினார். “ஒண்ணைப் பாரு, என்ன சமத்து! ரெட்டைச் சுமை தூக்கியும் சூடு குறைஞ்சிருக்கு. நீயும் இருக்கியே, தொட்டதுக்கெல்லாம் வேர்த்துக்கிட்டு!”

அவனும் சேர்ந்து சிரித்துவைத்தான்.

காபி வந்தது. ஆடை கட்டி ஆறியும் போனது. திரையில் இரண்டு மட்டும் ஆறவில்லை, ஏறிக்கொண்டே இருந்தது. ஒன்றோ, மரத்தடியில் படுத்தவன் மாதிரி மேலும் மேலும் குளிர்ந்துகொண்டிருந்தது.

மூட்டை தூக்குகிறவனுக்கு எங்கேயாவது வேர்வை அடங்குமா? அவன் மறுபடியும் போனை எடுத்தான்.

“மாமா, அங்க எல்லாம் சரியா இருக்கா?”

“நிழல்னு பேருதான்டா, அனல் அடிக்குது. உங்க அக்காகிட்ட சொல்லு, சாப்பாட்ட மறக்கல, அவ பேச்சுக்குப் பயந்து ஓடிவந்துட்டேன்னு.”

“மாமா, ஒரு நிமிஷம். ரெண்டுலதான் கரண்ட் இல்லையே? கைய வெச்சுப் பாருங்களேன். எவ்வளவு சுடுதுன்னு சொல்லுங்க.”

“இவ்வளவு நேரம் கிட்டப் போகாதன்னு மெரட்டுன. இப்ப தொட்டுப் பாருங்கற. உன் டாக்டருக்கு நாடி பாக்கத் தெரியாதா?”

“மாமா, ப்ளீஸ்.”

ஜல்லிக்கல்லில் பூட்ஸ் நடக்கும் சத்தம் கேட்டது. நின்றது.

திரையில் இரண்டாவதைச் சுற்றியிருந்த சிவப்பு விட்டுவிட்டு மின்னத் தொடங்கியது. “நல்லவேளை, நேரத்துக்கு நிறுத்தினோம்” என்று மேடம் நெஞ்சில் கை வைத்துக்கொண்டார்.

போனில் மாமாவின் சிரிப்பு.

“பச்சத்தண்ணியா இருக்குடா மாப்ள, உன் ரெண்டாவது. கொதிக்கற சத்தம் ஒண்ணுலேர்ந்துதான் வருது… இரு, கிட்டப் போய்க் காத வெச்சுக் கேக்கறேன்.”