உருண்டைக்கு எத்தனை ஊசி?

“இந்த வருஷம் உங்க நாய்க்கு எந்த ஊசியும் தேவையில்லை சார்” என்றார் டாக்டர், நீட்டிய தடுப்பூசிப் புத்தகத்தைத் திறந்துகூடப் பார்க்காமல்.

டெய்லருக்குச் சுருக்கென்றது. கடையைப் போட்டது போட்டபடி விட்டுவிட்டு, கழுத்தில் தொங்கிய அளவு டேப்பைக்கூடக் கழற்றாமல் ஓடி வந்திருந்தார். வழக்கமான டாக்டர் ஊரை விட்டே போய்விட்டதால், இந்தக் கிளினிக்குக்கு இதுதான் முதல் முறை.

அவருடைய நாய் உருண்டையோ நேராக மேஜையைச் சுற்றிப் போய், அலமாரியின் கீழ்த்தட்டில் இறுக மூடியிருந்த பிஸ்கெட் டப்பாவின் முன் உட்கார்ந்து வாலை ஆட்டியது.

“மோப்பம் பிடிச்சுட்டான் தீனிப்பண்டாரம்!” என்று அதட்டிவிட்டு, பையிலிருந்து பட்டியலை எடுத்தார் டெய்லர். “இருமல் ஊசி வேண்டாம்னா ஒத்துக்கறேன். நாலு நாயோட பழகுற நாய்க்குத்தான் அது. ஆனா எலிக்காய்ச்சல் ஊசி? எங்க தண்ணித் தொட்டிப் பக்கம் எலி குடும்பமே நடத்துது.”

“வேண்டாம் சார்.”

“வெறிநோய் ஊசியுமா? போன மாசமே கெடு முடிஞ்சாச்சு. தையல் நெருக்கடியில நான்தான் தள்ளிப் போட்டுட்டேன். நாளைக்கு யாரையாவது கடிச்சு வச்சா நீங்க வந்து பதில் சொல்வீங்களா?”

“அதுவும் வேண்டாம். என்னை நம்புங்க.” டாக்டர் பேனா மூடியைத் திருகிக்கொண்டே இருந்தார்.

“எல்லாரும் இப்படிக் கை கழுவினா எப்படி?” டெய்லரின் குரல் உயர்ந்தது. “மாடியில என் தம்பி இருக்கான். வீட்டைப் பிரிச்சப்போ, நாயும் தனக்குத்தான்னு மல்லுக்கு நின்னான். பேச்சை நிறுத்தி ரெண்டு வருஷம் ஆகுது. நான் கடைக்குக் கிளம்பினதும் உருண்டை மாடி ஏறிடறான், பகல் பூரா அங்கதான். ஒரு ஊசி போடணும்னு அந்த மகாராஜாவுக்குத் தோணுமா? கொஞ்சறதுக்கு அவன், குத்தறதுக்கு நானா?”

டாக்டர் தொண்டையைச் செருமினார்.

“உங்களோட தொண்டைத் தண்ணி வத்தக் கத்த என்னால ஆகாது. அடுத்த தெரு டாக்டர்கிட்ட எல்லா ஊசியும் ஒண்ணா போட்டுடறேன். வாடா!” சங்கிலியை இழுத்தார். உருண்டை டப்பாவை விட்டு நகர மறுத்தது.

“ஐயோ, போட்டுடாதீங்க சார்!” டாக்டர் பதறி எழுந்தார். “உங்ககிட்ட சொல்லவே கூடாதுன்னு புத்தகத்தைக்கூட இங்கயே விட்டுட்டுப் போனாரு. இனிமே மறைச்சா நாய்க்கு ரெட்டை ஊசி ஆயிடும்.”

இழுப்பறையிலிருந்து புத்தம் புதுப் புத்தகம் ஒன்றை எடுத்து நீட்டினார். உள்ளே போன வாரத் தேதியில், வெறிநோய் முதல் எலிக்காய்ச்சல் வரை வரிசையாக ஸ்டிக்கர்கள்.

“யாரு... யாரு கூட்டிட்டு வந்தது?”

“உங்க தம்பிதான். நாய் யாரோடதுன்னு கேட்டேன். ‘எங்க அண்ணனோடது’ன்னாரு.”